அப்பா திட்டாத வருடங்கள்

கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைப் பனியன் துணி. பனியன் கம்பெனிக் கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துண்டுதான். திருப்பூரில் அதைக்கொண்டு வண்டி துடைப்பார்கள், அடுப்பு துடைப்பார்கள், அவசரத்துக்கு மூக்கும் சிந்துவார்கள். கோழிக் கண்காட்சிக்கு வந்த நடுவர் அந்தத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். என் சேவலின் இடது இறக்கையை விரித்துப் பிடித்து, துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, மேலும் கீழுமாகத் தேய்த்தார். பிறகு துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். துணி கருப்பாக இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. என் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார்.

அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற தம்மாத்துண்டு துணியைப் பார்த்து அதே நிறத்தை ஆயிரம் கிலோ துணியில் கொண்டுவருவது அவர் வேலை. அவர் நகக்கண்களைப் பார்த்தே பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் ஓடியது என்று சொல்லிவிடுவேன். திருப்பூர் மண்ணரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னொரு விஷயத்திலும் அவர் பேர் போனவர். திட்டுவதில். கெட்ட வார்த்தை வராது; கழுதை, கூறு கெட்ட கழுதை, அதற்கு மேல் போனால் கோயில் கழுதை. கோயிலுக்கும் கழுதைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிவிட்டால் திட்டு, சோற்றை மிச்சம் வைத்தால் திட்டு, மிச்சம் வைக்காமல் அள்ளி அள்ளித் தின்றால் அதற்கும் திட்டு. திட்டி முடித்த கையோடு தலையில் ஒரு தட்டுத் தட்டி, போய்ப் படி கண்ணு என்பார். அந்தத் தட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

கோழி எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஒரு திட்டில்தான். தெருவில் சைக்கிளில் கலர் குஞ்சு விற்பவர் வருவார். கம்பிக்கூடைக்குள் ரோஸ், பச்சை, ஊதா என்று குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். அம்மாவிடம் அடம்பிடித்து ஒரு ரோஸ் குஞ்சு வாங்கினேன். இரண்டாம் நாள் அது கழுத்தைத் தொங்கப் போட்டது, மூன்றாம் நாள் செத்துப்போனது. வேலை முடிந்து வந்த அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரோஸ் நிறம் அவர் கையில் லேசாக ஒட்டியது. நாள் முழுக்கச் சாயத்தில் நிற்கிற மனுஷன் அந்த ஒட்டலுக்குப் போய் முகம் சுளித்தார். "உசுரு இருக்கறதுக்கு எவனாச்சும் சாயம் போடுவானா?" என்று கேட்டார். கேட்டது என்னை இல்லை, குஞ்சு விற்றவரை. ஆனாலும் திட்டு எனக்குத்தான் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய், ஒரு அடைக்கோழியும் ஒரு கூடை முட்டையும் மொபெட்டில் கொண்டுவந்தார். கூடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இல்லாத குறைக்குப் பனியன் வேஸ்ட்டைப் போட்டு முட்டைகளை அடுக்கினார். லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்தோம். குஞ்சு பொரிக்கப் பொரிக்க ஆளுக்கு ஒன்று என்று பங்கு போட்டுக் கொடுத்தார். குருணை எப்போது வைக்க வேண்டும், தண்ணீர்த் தட்டில் குஞ்சு மூழ்கிவிடாமல் எப்படிக் கூழாங்கல் போட வேண்டும், சளி பிடித்தால் சின்ன வெங்காயத்தை எப்படி நறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னார், தெரியாததை அத்தையிடம் போனில் கேட்டுச் சொன்னார். ஒன்று மட்டும் அத்தைக்கும் தெரியவில்லை. பனியன் வேஸ்ட்டில் பிரிந்த நூல் குஞ்சுகளின் கால் விரலில் சுற்றிக்கொண்டு இறுக்கும். விட்டால் விரல் அழுகிவிடும். எந்தத் தோட்டத்துக் கோழிக்கும் வராத வியாதி. அம்மா பனியனில் பிசிறு வெட்டுகிற குட்டிக் கத்தரியை வாங்கி, சாயங்காலமானால் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து குஞ்சுகளின் காலில் நூல் வெட்டினோம். வெட்டத் தெரியாமல் தோலைக் கிள்ளியவனுக்கெல்லாம் அப்பாவிடம் கழுதைப் பட்டம் கிடைத்தது. ஊரான் பிள்ளை என்று அவர் பார்த்ததில்லை.

என் பங்குக்கு வந்தது ஒரு கருப்புக் குஞ்சு. சேவல் என்று தெரிந்ததும் அதற்குச் சின்ன மாஸ்டர் என்று பேர் வைத்தேன். லைன் வீட்டில் அது நல்ல வேடிக்கையாகிவிட்டது. மாஸ்டர் குப்பையைக் கிளறுகிறார், மாஸ்டரைப் பூனை துரத்துகிறது என்று பெண்கள் அப்பா காதுபடவே பேசிச் சிரிப்பார்கள். அப்பா கேட்காத மாதிரி போவார், ஆனால் மீசைக்குள் சிரிப்பு இருக்கும். சேவல் வளர்ந்து, கழுத்தில் பச்சை மினுமினுப்பு ஏறி, பார்க்கிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஆனது. இடது இறக்கையில் மட்டும் இரண்டு வெள்ளை இறகு. விரித்தால்தான் தெரியும்.

அந்த வருடம் அவிநாசிப் பக்கம் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் நாட்டுக்கோழிக் கண்காட்சி வைத்தார்கள். சேவல் சண்டை இல்லை; அழகுக்கு மட்டும்தான் பரிசு. பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, குஞ்சிலிருந்து தன் கையால் வளர்த்த கோழியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதிலும் ஒரே நிறக் கோழிக்கு என்று ஒரு பரிசு. என் சேவலுக்கு இருந்த இரண்டு இறகு அன்றைக்குத்தான் எனக்குக் குறையாகத் தெரிந்தது. கரிசலாங்கண்ணி தின்னக் கொடுத்தால் கருக்குமா, எள்ளு வைத்தால் கருக்குமா என்று அப்பாவைத் துளைத்தெடுத்தேன். போ கழுதை, கடவுள் போட்ட இறகு என்றார். லைன் வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா மாஸ்டர், எந்தக் கலர் கேட்டாலும் கொண்டுவந்துவிடுவார் என்று. அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். சேவலைக் குளிப்பாட்டி, துவட்டி, பஞ்சாரத்துக்குள் விட்டிருப்பதாக அப்பா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் பஞ்சாரத்தைத் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தேன். வெள்ளை இறகு இல்லை. அப்பா சட்டையைத் துவைக்கப் போடும்போது வருகிற வாசனை சேவல்மேல் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். கேட்டால் தெரிந்துவிடும் என்று நான் கேட்கவில்லை.

நடுவராக வந்தவர் நாட்டுக்கோழிப் பைத்தியம். மற்ற நாட்களில் பையிங் ஆபீஸில் குவாலிட்டி பார்ப்பவர். எந்தத் துணியைக் கண்டாலும் நனைத்துத் தேய்த்துச் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பது அந்த ஆட்களின் கையிலேயே ஊறிப்போன வேலை. அப்பா நிறம் கொடுத்த துணியும் அவர் விரலுக்குக் கீழே பலமுறை போயிருக்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டுதான் அன்றைக்கு உள்ளே வந்தார்கள். அவர் சந்தேகப்பட்டுத் தேய்த்தார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல கருப்பு நிறத்தைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கும். வேறு எந்த ஊர்க் கோழிக் கண்காட்சியிலும் அது நடந்திருக்காது. எங்கள் ஊரில்தான் கோழிக்கும் சாயம் போட ஆள் உண்டு, அதைத் தேய்த்துப் பார்க்கவும் ஆள் உண்டு.

அவர் துணியை மடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்தார். பக்கத்தில் இருந்த பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். "யாரு கண்ணு பூசுனது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தின் கோடியில் யாரோ பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவரிடம், "நாந்தானுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோழி அலகால் இறகைக் கோதும், சாயம் வயிற்றுக்குள் போகும், செத்துப்போய்விடும், தெரியாதா என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினேன். பிறகு நிமிர்ந்து என் தலைக்கு மேலாகப் பார்த்து, "மாஸ்டர், பாப்பாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

"சரிங்க" என்றார் அப்பா.

யாரோ சிரித்தார்கள். திருப்பூர்க்காரப் பிள்ளை, கைவேலையைக் காட்டிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்காக நான் வெட்கப்படவில்லை. அந்த 'சரிங்க' எவ்வளவு சின்னதாக வந்தது என்றுதான் உடம்பு கூசியது. பட்டறையில் பாய்லர் சத்தத்தையும் மிஞ்சுகிற குரல் அது.

திரும்பி வரும்போது மொபெட்டில் அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் பைக்குள் சேவல். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி எனக்குத் தேங்காய் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தார், அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டுக்குள் நுழைவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த கருப்புச் சாயத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்து இழுத்து முதுகில் இரண்டு வைத்தாள். பொட்டப்பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கள்ளப் புத்தி, நாலு பேர் முன்னால் அப்பனைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று கேட்டாள். அப்பா சொல்லுவார் என்று காத்திருந்தேன். வீட்டுக்குள் என்ன பயம், இங்கே எந்த நடுவர் இருக்கிறார். அவர் சேவலைப் பையிலிருந்து எடுத்து, தண்ணீர் காட்டுவதற்காக வெளியே போனார். சாயத்தை இறக்க அன்று அவர் என்னென்னவோ செய்தார். பருத்திக்குப் போடுகிற சாயம் இறகில் ஒழுங்காகப் பிடிக்கவும் இல்லை, பிடித்த இடத்திலிருந்து ஒழுங்காக இறங்கவும் இல்லை. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும் வரை அந்த இறக்கை அழுக்குச் சாம்பலாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா என்னைத் திட்டவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. செருப்பைக் கண்ட இடத்தில் விட்டேன்; அவரே எடுத்து ஓரமாக வைத்தார். கணக்கில் தோற்ற மார்க் ஷீட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டியூஷன் என்று சொல்லிவிட்டுத் தோழியோடு சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டேன், அம்மா வீட்டையே இரண்டாக்கினாள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மற்ற பிள்ளைகளை அவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார். தெருவில் அவர் குரலில் கழுதை என்று கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். தலையில் அந்தத் தட்டும் நின்றுபோனது. என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி நடந்துகொண்டார், வீட்டுக்குப் பெரிய மனுஷி வந்துவிட்ட மாதிரி. அப்பாவுக்காகப் பழியை ஏற்றவள் என்று உள்ளுக்குள் எனக்கும் ஒரு மிதப்பு இருந்தது. அவர் கூனிக்குறுக அந்த மிதப்பு வளர்ந்தது.

அதை நான் பயன்படுத்தவும் செய்தேன். கூட வேலை பார்த்த தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன நாளில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற குடும்பம், விட்டுவிடுவார்களா. பெரியப்பா கத்தினார், அம்மா அழுதாள். கடைசியில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள், அவர் ஒரு அதட்டல் போட்டால் முடிந்தது என்று. நானும் அவரைப் பார்த்தேன், மைதானத்தில் பார்த்த அதே பார்வை. வேண்டுமென்றேதான் பார்த்தேன். "அவ சொன்னாச் சரிதானுங்க" என்றார். என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. நல்ல கல்யாணம்தான், ஆனாலும் அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நல்லதாக இல்லை.

இப்போது திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் இருக்கிறோம். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். நகக்கண்களில் இப்போது நிறம் இல்லை, இருமல் மட்டும் இருக்கிறது. என் மகனுக்குக் கோழி ஆசை எப்படி வந்தது என்று தெரியாது, நான் சொல்லி வரவில்லை. ஒரு சாம்பல் நிறப் பெட்டையைக் குஞ்சிலிருந்து வளர்த்தான். பிள்ளைகள் கண்காட்சி இப்போது அங்கங்கே நடக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கண்காட்சிக்குப் போவதாக வாரம் முழுக்க அவனுக்கு அதே பேச்சு. வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கூடம் போன பிறகு கூட்டைத் திறந்தால் கோழி விறைத்துக் கிடந்தது. முந்தின நாளே வெள்ளையாகக் கழிந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன், பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அவன் அழப்போகிற முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. செத்ததை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாட்டுக்கோழி விற்கிற இடமெல்லாம் அலைந்தேன். அதே சாம்பல், அதே வயது, ஒன்று கிடைத்தது. செத்த கோழியின் காலில் இருந்து கழற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் வளையத்தைப் புதுக்கோழிக்கு மாட்டினேன். நிமிர்ந்தால் அப்பா வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தார் என்று தெரியவில்லை. எழுந்துபோய் அந்தக் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்.

மகன் வந்ததும் வழக்கம்போல டிபன் டப்பாவைத் திறந்தான். மூடி திறக்கிற சத்தத்துக்கு அவன் கோழி பறந்து வரும். இது கூட்டின் மூலைக்கு ஓடியது. அவன் அதைப் பிடித்து, வளையத்தைப் பார்த்து, கால் விரலைப் பார்த்தான். அவன் கோழிக்கு ஒரு விரல் கோணல் என்பது எனக்குத் தெரியாது. "இது என்னோடது இல்ல. யாரும்மா மாத்துனது?" என்றான். குரல் உடையவில்லை. கேட்பதை நிதானமாகக் கேட்டான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நாந்தான் சாமி" என்றார் அப்பா. "உம்பட கோழி காலைல செத்துப்போச்சு. நீ அழுவீன்னு நாந்தான் மாத்தி வெச்சேன்."

மகன் அவரைப் பார்த்தான். அது பதினொரு வயதில் என் கண்ணில் இருந்த பார்வை இல்லை, அதைவிடக் கடுமையானது. தாத்தாவை அப்புச்சி என்றுதான் கூப்பிடுவான், அவர் என்றால் அவனுக்கு அவ்வளவு உயிர். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்புச்சிகிட்டச் சொல்லுங்கம்மா, இப்படியெல்லாம் ஏமாத்தக் கூடாதுன்னு" என்றான். எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு துணியாக. அதைப் பார்த்துக்கொண்டே நான், "சரி கண்ணு" என்றேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகன் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு என் கணவரின் அந்தப் பக்கம் போய்விட்டான். அதற்காக அப்பா வாடிப்போவார் என்று பயந்தேன். அவர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் வைத்ததும் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். "என்னடி ரசம் வெச்சிருக்கற? உப்புன்னு ஒண்ணு போடோணும்னு தெரியாதா, கூறு கெட்ட கழுதை" என்றார். பாதித் தெருவுக்குக் கேட்கிற குரல். என் கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் அப்பா அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதே இல்லை. நான் உப்பை எடுக்க அடுப்படிக்குப் போனேன். எத்தனையோ வருடம் நான் ஏங்கிய வார்த்தை அது. வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு முகம் இல்லை.

மகனிடம் இன்னும் நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போகிறது. அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் அவன் மோட்டார் சுவிட்சை அணைக்காமல் டியூஷனுக்குப் போய்விட்டான். தொட்டி நிரம்பி, வாசலெல்லாம் தண்ணீர் ஓடியது. திரும்பி வரட்டும் என்று நின்றிருந்தேன். வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்து, திட்டு வாங்கத் தயாராக என் முன்னால் வந்து நின்றான். துடைப்பத்தை எடுத்து நானே தண்ணீரைத் தள்ளினேன்.